கரையான் டாக்டரின் தாள்கள்

கரையான் புற்றுக்குள் காற்று எப்படிப் போய் வருகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டியவள் அவருடைய மனைவி. உலகமே மெச்சிய கணக்கு. ஊருக்கு அவள் கரையான் டாக்டர். அவள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆவதற்குள், அவளுடைய தாள்கள் இருந்த அலமாரிக்கே கரையான் வந்துவிட்டது. நன்றி கெட்ட ஜென்மங்கள்! வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதர், மருந்தடித்து மருந்தடித்து ஓய்ந்துபோனார். தாள்களைக் கெடாமல் காக்க வசதியுள்ள இடம் பல்கலைக்கழகம் ஒன்றுதான். ஆயுசு பூரா அவளுக்கு வேலை கொடுக்காமல் தட்டிக்கழித்த அதே பல்கலைக்கழகம்.

தகவல் போனதும் பல்கலைக்கழகப் பதிவாளரே காரில் வந்து இறங்கினார். மகள் கூடத்தில் பரப்பி வைத்திருந்த தாள்களைப் புரட்டியவர், ஒரு கட்டை மட்டும் தனியே எடுத்து நீட்டினார்.

"இதெல்லாம் வேலை இல்லன்னு எங்க ஆளுங்க அனுப்பின பழைய லெட்டர். இது வேணாங்க, நீங்களே வெச்சுக்கோங்க. மத்ததை நாளைக்கே வண்டி வெச்சு எடுத்துக்கறோம்."

"அப்போ எல்லாத்தையும் இங்கயே விட்டுட்டுப் போங்க," என்றார் அவர்.

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பா! அம்மா எழுதினதைக் கரையான் தின்னட்டுங்கறீங்களா?"

"தின்னட்டும்மா. அதுங்களாவது முழுசா தின்னும். பொறுக்கிப் பொறுக்கி எடுக்காது."

யாரும் வாங்காத கட்டோடு பதிவாளர் முகம் சுண்டிப்போய் எழுந்தார். அவரும் கணக்கு படித்தவர், ஆசை விடவில்லை.

"போறதுக்கு முன்னால அவங்க கைப்பட எழுதின அந்தக் காத்துக் கணக்கையாவது கண்ணால பாத்துட்டுப் போறேங்க. இதுல எங்கயும் காணோமே?"

"உங்க கையிலதான் இருக்கு. திருப்பிப் பாருங்க. வெள்ளைத்தாளை வீணாக்கினா என் பொண்டாட்டிக்குப் பிடிக்காது."

பதிவாளர் திருப்பினார். 'வருந்துகிறோம்' என்று தொடங்கிய தாளின் முதுகில், பொடிப்பொடி எழுத்தில், அடித்தல் திருத்தல்களோடு ஓடியது அந்தக் கணக்கு. தாளுக்குத் தாள், கட்டு முழுக்க அதேதான். மறுத்தவர்கள் அனுப்பிய காகிதத்திலேயே அவள் சாதித்திருந்தாள். கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. என்னவள் என்று தெருவில் இறங்கிக் கத்தலாம் போலிருந்தது.

பதிவாளர் வெகுநேரம் நின்றுகொண்டே படித்தார். பிறகு அந்தக் கட்டைத் தானே மற்ற தாள்களின் மேல் கொண்டுபோய் வைத்தார்.

"எல்லாத்தையும் எடுத்துக்கறோங்க. இதைக் கண்ணாடிப் பெட்டியில வெப்போம்."

"வைங்க தம்பி," என்றார் அவர். "சுவத்தோட ஒட்டி மட்டும் வெச்சிடாதீங்க. வர்றவங்க சுத்தி வந்து பாக்கணும்."