படத்தின் கீழே என் பெயர்

அன்று குகதாசன் அப்படிக் கேட்டானா, பின்னாளில் நானாகவே அந்தச் சொற்களை அவன் வாயில் வைத்துவிட்டேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மழை பெய்ததா என்பதும் நினைவில்லை. ஆனால் அவனுடைய சப்பாத்துகள் நனைந்திருந்தன.

நாங்கள் வன்னியில் ஒரே முகாமில் இருந்தவர்கள். பிரெஞ்சு நாட்டுக்கு வந்தபின் எனக்கு அகதி விசா கிடைத்தது, அவனுக்கு மறுத்துவிட்டார்கள். மூன்று வருடங்களாக என்னுடைய வதிவிடக் கார்த்தைக் காட்டித்தான் அவன் லா ஷப்பலில் ஒரு ரெஸ்ரோரண்டின் சமையலறையில் வேலை செய்தான். அங்கே எல்லோருக்கும் அவன்தான் ஜெயரட்ணம்.

அதே சமையலறையில் கோப்பை கழுவிய ஆவா ஓவியம் வரைபவள். பெற்றோர் மாலியிலிருந்து வந்தவர்கள். ரூ பஜோல் தெருவுக்குப் பக்கத்து மண்டபமொன்றில் கறுப்பினக் கலைஞர்களின் கண்காட்சி நடந்தபோது அவளுடைய படங்களும் வைக்கப்பட்டன. குகதாசனை அழைத்திருந்தாள்.

"தனியப் போக வெக்கமாக் கிடக்கு. நீங்களும் வாங்கோ அண்ணை" என்றான்.

உள்ளே நல்ல சனம். ஒரு சுவர் முழுக்கப் பின்னிய கூந்தல்கள் தொங்கின. ஒரு படத்தில், கட்டிலும் பெட்டியும் மட்டுமே இருந்த அறையில் ஒரு பெண் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அதன் முன்னால் நாங்கள் வெகுநேரம் நின்றோம். ஒருவர் வெறும் வைன் கிளாஸைக் குகதாசனின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

"பாத்தியளே அண்ணை, இஞ்சையும் எனக்கு வேலை தந்திட்டினம்."

அடுத்த அறையின் சுவரில் அவன் இருந்தான். ஆளை விட உயரமான படம். தாச்சிகளின் ஆவிக்கு நடுவே குனிந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். இடது புருவத்துத் தழும்புகூட அப்படியே இருந்தது. கீழே ஒட்டியிருந்த அட்டையில் என் பெயர், ஜெயரட்ணம்.

"அண்ணை, நல்ல வடிவா வந்திருக்கிறியள்" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சனம் படத்தையும் அட்டையையும் சேர்த்துப் போனில் எடுத்தது. குடியுரிமைக்கான நேர்முகத்துக்கு அடுத்த மாதம் நான் பிரிபெக்சர் கந்தோருக்குப் போகவேண்டும். என் பெயர், இன்னொருவன் முகம்.

ஆவா வந்தாள். ஒதுக்குப்புறமாக அழைத்து விஷயத்தைப் பிரெஞ்சில் சொன்னேன். அவள் குகதாசனைத்தான் பார்த்தாள்.

"மூன்று வருடம் பக்கத்தில் நின்றிருக்கிறேன். உன் பெயர்கூட எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு பையிலிருந்து பேனையை எடுத்தாள். "சொல். சரியானதை எழுதுகிறேன்."

அவன் என் பக்கம் திரும்பினான்.

"என்ரை பேரைப் போடட்டுமே அண்ணை? இஞ்சை அதை ஆருக்குத் தெரியும்?"

இப்படித்தான் எனக்கு நினைவு.

"விசர்க்கதை கதையாதை. பேரும் முகமும் சேர்ந்து கிடந்தா முதலாளி பாக்கமாட்டானே? கார்த் ஆற்றை எண்டு கேட்டா, நான் என்ன சொல்ல?" என்றேன். அவன் பதில் சொல்வதற்குள் ஆவாவிடம், "பெயர் வேண்டாம்" என்றும் சொல்லிவிட்டேன்.

அவள் அவனுக்காகக் காத்திருந்தாள். அவன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான். கையில் இன்னமும் அந்தக் கிளாஸ் இருந்தது. கடைசியில் "ஓம்" என்றான், தமிழில். அவளுக்கு விளங்கியது. அட்டையை நகத்தால் கிளப்பி எடுத்தாள். சுவரில் பசைத் தடம் மட்டும் நின்றது.

மெட்ரோப் படி வரை நடந்தோம். அங்கே அவன், "நல்ல படம், என்ன?" என்றான்.

"ஓம்" என்றேன்.

அடுத்த வருடம் எனக்குக் குடியுரிமை கிடைத்தது. பழைய கார்த்தைப் பிரிபெக்சரில் திருப்பிக் கொடுத்தேன். அதோடு குகதாசனின் வேலை போயிற்று. சில மாதங்களில் ஒரு பொலிஸ் சோதனையில் பிடிபட்டுக் கொழும்புக்கு அனுப்பப்பட்டான். இப்போது கிளிநொச்சியில் மேசன் வேலை செய்கிறானாம். நான் எடுத்தால் போனைத் தூக்குவதில்லை. ஆவா மார்செய்க்குப் போய்விட்டாள், இப்போதும் வரைகிறாள். படத்தை லியோனைச் சேர்ந்த ஒரு டொக்டர் வாங்கிக்கொண்டு போனார். தலைப்பில்லாத படம் என்றுதான் விற்றார்களாம்.