மெக்கானிக்கின் ‘அப்படியா’

என் மனைவிக்கு ஊர்க்கதை என்றால் உயிர். பல் மருத்துவமனையில் போன் எடுத்து நேரம் குறித்துக் கொடுப்பது அவள் வேலை. பல்வலிக்காரர்கள் வலியை மட்டுமா சொல்வார்கள்? அந்தக் குளிர் வாரத்தில் ரோடெல்லாம் பனி மூடி, பஸ் நின்று, மருத்துவமனையையும் பூட்டிவிட்டதால் போனெல்லாம் வீட்டுக்கே வந்தது. கதைகளும் கூடவே வந்தன. அத்தனையும் போய்ச் சேர்ந்தது ஹீட்டர் மெக்கானிக்கிடம். எனக்கு ஒன்றுகூட வரவில்லை.

நான் பத்திரிகையில் பிழை திருத்துபவன். அந்த வாரம் உள்ளறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அலுவலகத்திலிருந்து வரும் பக்கங்களைக் கணினியில் திருத்திக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை, வெந்நீர்க் குழாயால் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டர் நின்றுபோனது. மெக்கானிக் வந்தார். அறுபது வயது, முழங்கால் வலி, குடைமிளகாய் மூக்கு. ஏதோ ஒரு பாகம் கிடைக்கவில்லை என்று தினமும் வந்து, அன்றைக்கு மட்டும் ஓடும்படி செய்துவிட்டுப் போனார். ஆள் மீது எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. சந்தேகமாக இருந்தால்கூடச் சண்டை போட்டு முடித்திருப்பேன். என் வயிற்றெரிச்சலெல்லாம் அவருடைய ஒரே ஒரு வார்த்தை மீதுதான். செவ்வாய்க்கிழமை கூடத்தில் என் மனைவி ஆரம்பித்தாள்:

“அண்ணே, கேளுங்க. ஒருத்தர் பல்செட்டைக் கழட்டி டம்ளர் தண்ணில போட்டிருக்காரு. காலைல பாத்தா தண்ணி ஐஸாயிடுச்சாம். பல்லு உள்ள மாட்டிக்கிட்டு சிரிக்குதாம்!”

“அப்படியா!” என்றார் மெக்கானிக். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “அப்புறம் எப்படி சாப்பிட்டாராம்?”

“டம்ளரை மடில வெச்சுக்கிட்டு கோழி மாதிரி அடைகாத்தாராம்!”

இருவரும் சிரித்தார்கள். இரண்டே நாளில் ‘அண்ணே’ ஆகிவிட்டார். இருபத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்திய நான் சுவருக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஸ்பானரைக் கீழே வைக்கிறாராம்! வேலைக்கு வந்தவர் வேலையைப் பார்க்க வேண்டியதுதானே?

புதன்கிழமை பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். “எங்கிட்ட மட்டும் ஏன் எதுவும் சொல்ல மாட்டேங்கிற?”

“சொன்னா திருத்துவீங்க,” என்றாள், தட்டைக் கழுவியபடியே. “பூனைன்னா பூனைக்குட்டிம்பீங்க. நேத்துன்னா முந்தாநேத்தும்பீங்க. கடைசில, ‘இது எங்களுக்கு அப்பவே வந்துடுச்சு’ன்னு ஒரு முத்திரை. அப்புறம் நான் எதுக்கு வாயைத் திறக்கணும்?”

உண்மையைக் கேட்டால் வரும் கோபத்துக்கு மருந்து கிடையாது. மறுநாள் அதைக் காட்டினேன். தபால் பெட்டிக்குள் பூனை தூங்கிய கதையை அவள் மெக்கானிக்கிடம் ஆரம்பித்ததுதான் தாமதம், உள்ளேயிருந்தே குரல் கொடுத்தேன்.

“அது போன வருஷச் செய்தி. நாங்கதான் போட்டோம்.”

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பாகம் அன்றைக்கு வந்திருந்தது. பத்து நிமிடத்தில் அதை மாட்டிவிட்டு, “இனிமே தொந்தரவு இருக்காது சார்” என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போய்விட்டார். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை வீடு கதகதப்பாக இருந்தது. போன் வந்தது. “ஐயய்யோ, நிஜமாவா?” என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். போனை வைத்த வேகத்தில் என் அறை வாசல்வரை ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள், கணினியில் திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தாள்.

“என்ன?” என்றேன்.

“ஒண்ணுமில்ல. தண்ணி வேணுமான்னு கேக்க வந்தேன்.”

திரும்பிப் போனாள். கொஞ்ச நேரம் பாத்திரம் அடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு எட்டிப் பார்த்தேன். கதை வாய்வரை வந்தும் சொல்ல ஆளில்லாமல் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். இருந்த ஆளை விரட்டியது நான். அந்த இடத்தில் உட்காரத் தெரியாதவனும் நான்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் துணி உலர்த்தப் போன நேரம், ஹீட்டருக்குப் பின்னால் கையை விட்டு, தண்ணீர் வரும் வால்வைத் திருகி மூடினேன். மெக்கானிக்கை நானே போனில் கூப்பிட்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

நொண்டிக்கொண்டே வந்தார். பின்பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது.

“கொஞ்சம் பெரிய வேலை, தங்கச்சி. நேரமாகும்,” என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, ஸ்பானர்களை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார்.

நான் நாற்காலியைக் கூடத்துக்கு இழுத்து வந்து போட்டேன்.

“வேலை இல்லையா?” என்றாள்.

“உள்ள குளிருது.”

மெக்கானிக்குக் கொண்டுவந்த காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்சம் தயங்கினாள். ஆனால் கதை அவளை விடவில்லை. “அண்ணே, பஸ் ஒண்ணு பனில மாட்டிக்கிச்சாம். டிரைவர் வீடு பக்கத்துலதானாம். உள்ள இருந்த இருபத்தஞ்சு பேரையும் வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிட்டாராம்!”

ஒன்பது பேர். முந்தின நாள் அந்தச் செய்தியைத் திருத்தியவனே நான்தான். அந்த ஒன்பது என் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கியது.

மெக்கானிக் ‘அப்படியா’ சொல்லவில்லை. தலையைக் குனிந்து துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் கண் என் பக்கம் திரும்பியது. திருத்தம் வரப்போகிறதென்று உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

“இருபத்தஞ்சு பேரா!” என்றேன். “அவர் பெண்டாட்டி என்ன சொன்னாங்களாம்?”

எங்கள் பக்கத்தில் அது இல்லை. எனக்கு நிஜமாகவே தெரியாது.

“அதைத்தாங்க சொல்ல வந்தேன்!” என்று இன்னொரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “கதவைத் திறந்து பாத்துட்டு, ‘பஸ்ஸை மட்டும் ஏன் வெளிய விட்டுட்டு வந்தே?’ன்னாங்களாம்!”

“அப்படி...” என்று மெக்கானிக் ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நீங்க முதல்ல அந்த வால்வைத் திறங்க!” என்றேன்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எந்த வால்வு?” என்றாள் என் மனைவி.

மெக்கானிக் துடைத்த ஸ்பானரையே மறுபடியும் துடைத்தார். வேறு வழியில்லை. எதையும் திருத்தாமல், முதலிலிருந்து கடைசிவரை நானே சொன்னேன்.

அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அப்படியா!” என்றாள்.