எங்க ரத்தம்

“நீ தள்ளி நில்லும்மா. தம்பிக்குக் கிட்னி கொடுக்கப்போறது நான்தான். இது எங்க ரத்தம்.” தம்பி மனைவியின் வாயை இப்படி அடைத்துவிட்டுத்தான் அக்கா எல்லாச் சோதனைகளுக்கும் போய்வந்தாள். முடிவு சொல்ல மருத்துவர் இன்று மூவரையும் அழைத்திருந்தார்.

“கிருமியை அழிக்க ரத்தத்துல ஒரு காவல் எப்பவும் சுத்திக்கிட்டே இருக்கும். அது ஆள் தெரியாம நம்ம உடம்பையே கடிச்சிடாம ஒரு புரதம் பார்த்துக்குது. இருபது மணி கோத்த சரம் மாதிரி இருக்கும். கடைசி மணிகளால நம்ம செல்லைப் பிடிச்சுக்கிட்டு, ‘இது நம்ம வீடு, விடு’ன்னு தடுக்கும். உங்க தம்பிக்கு அந்தக் கடைசி மணி பிறவியிலேயே கோணல். அதான் காவலே கிட்னியைக் குதறிடுச்சு.”

“அதுக்குத்தானே டாக்டர், என்னோடதைத் தர்றேன்?”

“உங்களுக்கும் அதே கோணல் இருக்கும்மா. ஒண்ணை எடுத்தா, உங்களுக்கு மிச்சமிருக்கிறதும் போயிடலாம். வேற யாராவது கொடுக்கட்டும். காவலை அடக்குற மருந்தும் கொடுத்து, அந்தக் கிட்னியை வைக்கலாம்.”

“அப்பா நமக்குச் சரிபாதியாத்தான் பிரிச்சிருக்காருக்கா,” என்று தம்பி சிரிக்கப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த ரத்தத்தைச் சொல்லி மார்தட்டினாளோ, அதுவே காலை வாரிவிட்டது.

மூலை நாற்காலியிலிருந்து தம்பி மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “என் ரத்தம் வேறதானே, அண்ணி?”

அக்கா எழுந்தாள். மருத்துவருக்கு எதிரே இருந்த தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, “இங்க வந்து உட்காரும்மா,” என்றாள்.