சித்தப்பாவின் டிக்கை எடுத்த கதை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை, பயத்தில் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பெண்ணிடம் நான் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வாய் வரவில்லை. எழுதிப் பார்த்தால் வழி தெரியும் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் குடும்பத்துக்கு ஒரு இணையதளம் இருக்கிறது. நடத்துவது நான். பகலில் பல் டாக்டரின் வரவேற்பு மேசை, மீதி நேரத்தில் செத்தவர்களின் பிறந்த தேதி என்று என் பிழைப்பு ஓடுகிறது. யார் யாருக்குப் பிள்ளை, எந்தப் படத்தில் ஓரமாக நிற்பவர் யார், எல்லாம் எனக்கு அத்துப்படி. (விசேஷ வீடுகளில் என்னைக் கண்டால், வயதைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் மெல்ல நகர்ந்துவிடுவார்கள்.)

தளத்தில் ஒவ்வொருவர் பக்கத்திலும் ‘உயிருடன் இருக்கிறார்’ என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் டிக் இருந்தால் பக்கம் பூட்டியிருக்கும். வெளியாள் யாரும் பெயரையோ படத்தையோ பார்க்க முடியாது. டிக்கை எடுத்தால் இறந்தவர் என்று கணக்கு, பக்கம் உலகத்துக்கே திறந்துவிடும். காணாமல் போனவர்களுக்கென்று தனியாக ஒரு கட்டம் கிடையாது.

என் சித்தப்பா காணாமல் போனவர்.

2

முதல் தொடக்கம்: “சித்தப்பா இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், என் கையால்.” நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொலைக்கதை என்று நினைத்து நீங்கள் ரத்தத்தைத் தேடுவீர்கள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: “அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பிய அன்று சித்தப்பா போட்டிருந்த சட்டை

என்ன சட்டையோ, எனக்கென்ன தெரியும்? அப்போது நான் பால்புட்டியும் கையுமாக இருந்தேன்.

மூன்றாவது, உள்ளது உள்ளபடி: அவர் படத்தைப் பார்த்து யாராவது அடையாளம் சொல்ல மாட்டார்களா என்ற நப்பாசையில், பக்கத்தைத் திறப்பதற்காக, டிக்கை எடுத்தேன். கொஞ்ச நாள் திறந்து வைத்துவிட்டு மறுபடி போட்டுவிடலாம் என்பது திட்டம். மென்பொருள் என்னைவிடப் பொறுப்பானது என்று யார் கண்டது? பெயருக்கு முன்னால் தானாகவே ‘அமரர்’ சேர்த்துக்கொண்டது. உறவினர் அத்தனை பேருக்கும் இரங்கல் செய்தியும் அனுப்பிவிட்டது.

3

அத்தைதான் முதலில் கூப்பிட்டார். சித்தப்பாவின் அக்கா.

“ஏண்டி, என் தம்பி செத்துட்டானாமே? எனக்கே தெரியாம?”

“இல்ல அத்தை, அவர் சாகல. நான்தான் டிக்கை எடுத்துட்டேன்.”

“எதை எடுத்தே?”

விளக்கினேன். அத்தை அழுகையை நிறுத்தினார், மூக்கைச் சிந்தினார், அப்புறம் பிடித்துக்கொண்டார்.

“நல்ல கூத்தா இருக்கே! ஆளைத் தேடறதுக்கு ஆளையே சாகடிப்பாங்களா? அவன் எங்கயோ உக்காந்து சாப்பிட்டுட்டு இருப்பான், இங்க எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்றாங்க. சாகடிச்சது நீதானே? நீயே எழுப்பு.”

[அத்தை மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. உண்மையில் கூப்பிட்டது பெரியப்பா. அவர் போனில் “ம்” என்பதற்கு மேல் பேச மாட்டார். அந்த ஒரு “ம்”மை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதை ஓட்டுவது? அதனால் அத்தையாக்கினேன். தளத்தில் இப்படி மாற்றினால் ‘தகப்பன் பெண்ணாக இருக்கிறார், சரிபார்க்கவும்’ என்று சிவப்பு எழுத்தில் கத்தும். கதை கத்துவதில்லை. ஆனால் பெரியப்பாவின் அந்த “ம்”முக்குள் இந்தத் திட்டு மொத்தமும் இருந்தது, சத்தியமாக.]

அன்று சாயங்காலமே டிக்கைப் போட்டு, பக்கத்தைப் பூட்டி, எல்லோருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

4

இரண்டு நாள் கழித்து வரவேற்பு மேசையில் இருக்கும்போது போன் வந்தது. எதிரே கன்னம் வீங்கிய ஒருவர் டோக்கனைப் பிடித்தபடி என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். உள்ளே பல் ராவுகிற சத்தம்.

“நான் அவரோட பொண்ணு பேசறேன்.”

“யாரோட?”

சித்தப்பாவின் பெயரைச் சொன்னாள். தளத்தில் அவருக்கு மனைவி இல்லை, மகள் இல்லை. அவர் பெயருக்குக் கீழே வெறும் வெள்ளைதான்.

“அப்பா எங்களையும் விட்டுட்டுப் போயிட்டாருங்க. கடைக்குப் போயிட்டு வரேன்னு போனவர்தான். அப்ப நான் ஸ்கூல் படிச்சிட்டு இருந்தேன். அடிக்கடி அவர் பேரைப் போட்டு நெட்ல தேடுவேன். முந்தாநேத்துதான் உங்க பக்கம் வந்துச்சு, உங்க நம்பரும் அதுலயே இருந்துச்சு.” கொஞ்சம் தயங்கினாள். “நீங்க எனக்கு அக்கா முறைதானே?”

“ஆமாம்மா” என்றேன். எனக்கு ஒரு தங்கச்சி! யாராவது பார்க்க மாட்டார்களா என்று திறந்துவைத்த கதவு வழியாக நேராக அவளே வந்திருக்கிறாள். சந்தோஷத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

“அம்மாகிட்ட சொல்லிட்டேன்கா. ரொம்ப அழுதாங்க, ஆனா ஒரு விதத்துல நல்லதுதான். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் போச்சு. எவ்வளவோ கெஞ்சியும் காலி பண்ண மாட்டேன்னுட்டாங்க. ‘உங்கப்பா திரும்பி வந்தா அவருக்கு இந்த வீடுதான் தெரியும்’னு ஒரே பிடிவாதம். இப்ப அவங்களே சரின்னுட்டாங்க. என் வீட்டுப் பக்கத்துலயே கீழ்வீடு பார்த்திருக்கேன். ஞாயித்துக்கிழமை வண்டி வருது.”

“இல்லம்மா, உங்கப்பா வந்து...” என்று ஆரம்பித்தேன்.

“இன்னும் எவ்வளவு நேரம்மா?” என்று கன்னம் வீங்கியவர் மேசையைத் தட்டினார்.

“அப்புறம் கூப்பிடறேன்” என்று போனை வைத்துவிட்டேன். அவரை உள்ளே அனுப்பும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதவே அசிங்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) உண்மையைச் சொல்கிறேன். கட்டிய மூட்டைகளை அவிழ்க்கிறார்கள். சித்தி கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து நாலு மாடி ஏறுகிறார், தினமும், சாகும்வரை. அந்தக் காத்திருப்பை அவருக்குத் திருப்பிக் கொடுத்த புண்ணியம் எனக்கு.

ஆ) சொல்லவில்லை. பிறகு ஒருநாள் ஒரு கிழவர் மூச்சு வாங்க அதே மாடிப்படி ஏறி அந்தக் கதவைத் தட்டுகிறார். திறப்பது வேறு யாரோ. “யாருங்க வேணும்?” இதற்கு மேல் என்னால் எழுத

இ) சித்தப்பாவே தளத்தைப் பார்த்துவிட்டு, “பிறந்த தேதி தப்பு. மற்றபடி நலம்” என்று எழுதுகிறார். இதை மட்டும் ஆசை தீரப் பலமுறை எழுதினேன்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதுதான் என்னைப் போட்டு அரிக்கிறது. அவர் நிஜமாகவே இறந்துபோயிருந்தால்? அப்படியென்றால் நான் சொன்னது பொய்யே இல்லை. வாழ்நாளெல்லாம் ஆதாரம் இல்லாமல் ஒரு பெயரைக்கூடச் சேர்க்காதவள் நான். இப்போது நான் சொன்னது பொய்யா என்பதற்கே என்னிடம் ஆதாரம் இல்லை.

6

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. நான் அவளைக் கூப்பிடவில்லை. ஆறாம் பகுதியை எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன்.

“அக்கா, வண்டி ஏத்தியாச்சு. அம்மா உங்ககிட்ட பேசணுமாம்.”

போன் கைமாறுகிறது. பின்னால் யாரோ அலமாரியைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லிக் கத்துகிறார்.

“நான் உனக்குச் சித்தி ஆகணும்மா.”

“சொல்லுங்க சித்தி.”

“தேதி, இடம் எதுவும் எனக்கு வேணாம். அதெல்லாம் தெரிஞ்சு என்ன பண்ணப் போறேன்? ஒன்னே ஒன்னு சொல்லு கண்ணு. கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாரா?”

போனை மறு காதுக்கு மாற்றுகிறேன்.

“பயப்படாம சொல்லு. நீ எது சொன்னாலும் நம்பிக்கிறேன். சாவி இன்னும் என் கையிலதான் இருக்கு. நீ சொன்னதும் வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டு வண்டியில ஏறிடுவேன்.”

இவ்வளவு தூரம் என்னோடு வந்தீர்கள். அவர் கேட்டது உங்களுக்கும் கேட்டது. போனை உங்கள் பக்கம் நீட்டுகிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். நிதானமாக யோசிக்க நேரம் இல்லை, அவர் வெயிலில் நின்றுகொண்டிருக்கிறார்.