ஓட்டுநர் இருக்கையில் மழை

எழுதிப் பழகாத கை இவ்வரலாற்றைச் சொல்லத் துணிந்தமைக்குப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். மருத்துவமனைக்குச் செல்லும் பேருந்தில் ஓட்டுநர் இருக்கையின்மேல் மட்டும் மழை பெய்தது.

பேருந்து நிறுவனம் ஓட்டுநர்கள் எல்லோருக்கும் மணிக்கட்டுப் பட்டை வழங்கிய ஆண்டு அது. உறக்கம், நடை, கைப்பேசியில் பேசிய பேச்சு, பேசாமல் விட்ட பேச்சு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, யாருடைய மனம் எப்போது சோரும் என்று பட்டை முன்கூட்டியே சொல்லும். சிவந்தால் வண்டியைத் தொடக்கூடாது. சிவந்தபடியே இருந்தால் வேலையே போய்விடும். மருத்துவமனைப் பேருந்தை ஓட்டிய பெண்ணின் பட்டை ஒரு மாலையில் சிவந்தது. அப்போதே பணிமனைக்குள் அவர் தலைக்குமேல் தூறத் தொடங்கியது. மற்றவர்கள் சற்றுத் தள்ளி நின்று தேநீரைக் குடித்து முடித்தனர்.

"நாளைக்கு உங்க மனசு உடைஞ்சிடும்னு பட்டை சொல்லுதும்மா. வீட்ல இருங்க" என்றார் மேலாளர்.

"நாளைக்கு எங்க அக்கா செத்த நாள் சார். வருஷா வருஷம் இந்த வாரம் தூங்க மாட்டேன், யார்கிட்டயும் பேச மாட்டேன். மனசு உடையலேன்னா சொல்லுங்க, அப்ப டாக்டரைப் பார்க்கறேன்."

நடத்துநர் காதோடு சொன்னான்: "அக்கா, பட்டையை எனக்கு மாட்டி விடுங்க. நான் குறட்டை விட்டே பச்சையாக்கிடறேன்."

"என் துக்கத்துக்கு ஆள்மாறாட்டமா? போடா, போய் விசிலை ஊது."

மறுநாள் அவர் மழைக்கோட்டு அணிந்து இருக்கையில் ஏறினார். இறங்கச் சொல்ல வந்த மேலாளர், வண்டி கிளம்பிவிட்டதால், குடை விரித்துப் பின்னால் உட்கார வேண்டியதாயிற்று. அக்கா உயிர்விட்ட மருத்துவமனை நெருங்க நெருங்க மழை கொட்டியது. ஓட்டுநர் வாய்விட்டு அழுதார். அழுதபடியே வேகம் குறைத்து, ஊன்றுகோலுடன் நின்ற முதியவரின் காலடியில் படிக்கட்டு வந்து நிற்கும்படி வண்டியை நிறுத்தினார். வண்டியில் உறங்கிய குழந்தைகூட விழிக்கவில்லை.

"அழறவங்க ஓட்டக்கூடாதுன்னு இப்பச் சொல்லுங்க சார்."

மேலாளர் காலுறையைப் பிழிந்தார். பணிமனைக்குத் திரும்பியதும், இருக்கைக்கு அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை போடச் சொன்னார். ஆண்டுதோறும் அந்த வாரத்தில் மழை பெய்கிறது. பயணிகள் முன்வரிசையைத் தவிர்த்து அமர்கின்றனர்.

இழப்பு வருமாறு: நனைந்து கெட்ட பட்டை ஒன்று, பாசி பிடித்த மெத்தை, மேலாளரின் குடை, ஓட்டுநரின் அவ்வாண்டுப் பதவி உயர்வு. அக்கா இக்கணக்கில் இல்லை. அவளை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.