ஊசிக்கு முன் ஒரு புதிர்

பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்தவர்கள் யாரும் புதிருக்குத் தப்பியதில்லை. இளமையில் அவர் பித்துப் பிடித்துக் கேட்ட பழைய ராக் குழு ஒன்று. அதன் ஆல்பம் பெயர்களை வைத்து அவரே கட்டிய விடுகதைகள். "விழுந்தா நனைக்காது, கீறும். எந்த ஆல்பம்?" என்பார். வாய் நிறையப் பஞ்சும் குழாயுமாகப் படுத்திருப்பவர் என்னத்தைச் சொல்வது? 'கிளாஸ் ரெயின்', அதாவது கண்ணாடி மழை என்று டாக்டரே விடையை அவிழ்ப்பதற்குள் ஊசி ஏறி இறங்கியிருக்கும். அந்தக் குழுவின் பெயரையே கேள்விப்படாதவர்கள்கூட மண்டையைக் குடைந்துகொண்டதில் வலியை மறந்துவிடுவார்கள். அங்கே உதவிக்கு இருந்த அவருடைய கொழுந்தியாளுக்கு இந்தத் தொழில் ரகசியம் அத்துப்படி. அந்தப் பாட்டுகள்தான் அவளுக்கு ஆகாது. தகர டப்பாவைப் படியில் உருட்டிவிட்ட சத்தம் என்பாள்.

அப்பேர்ப்பட்ட டாக்டருக்கே கடைவாய்ப் பல் காலை வாரிவிட்டது. கன்னம் உப்பி, காய்ச்சலும் வந்துவிட்டது. எதிர்த்தெரு பல் டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "சீழ் தாடைக்கு இறங்குது சார். இன்னைக்கே எடுத்தாகணும்," என்றார். ஊரார் பல்லையெல்லாம் பிடுங்கிய மனிதர் ஊசியைக் கண்டதும் எழுந்து செருப்பைத் தேடினார். கூட வந்த கொழுந்தியாள் இழுத்து உட்கார வைத்தாள். மறுபடியும் எழுந்தார்.

"அத்தான், மானத்தை வாங்காதீங்க."

"காய்ச்சல் விடட்டும்மா. நாளைக்கு வரேனே."

"நாளைக்கு ஆஸ்பத்திரியிலதான் படுக்கணும். அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

கேலி செய்யலாம் என்றுதான் கூட வந்தாள்; இப்போது உள்ளபடியே பயமாக இருந்தது. அவர் கால் மறுபடியும் செருப்பைத் துழாவியது. அவர் வித்தையை அவரிடமே காட்டலாம்தான், ஆனால் அவருடைய புதிர் ஒவ்வொன்றுக்கும் விடை அவருக்குத் தெரியுமே. சுற்றுமுற்றும் பார்த்தாள். தலைக்கு மேலே இரும்புக் கை நீட்டிய விளக்கு. பக்கத்தில் எச்சில் துப்பும் தொட்டியில் சுழலும் தண்ணீர். வாயில் வந்ததை எடுத்துவிட்டாள்.

"சூரியன் கை நீட்டும், விடியாது. குளத்துல தண்ணி சுத்தும், மீனு இல்ல. எந்த ஆல்பம்?"

டாக்டர் அப்படியே சாய்ந்தார். புருவம் சுருங்கியது. ஊசி இறங்கியபோது ஒரு முனகல்கூட இல்லை. பல் தட்டில் விழுந்தபோது அவர் ஆல்பங்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், "அத்தான், அது வந்து..." என்று உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். பஞ்சைக் கடித்தபடி அவர் இரண்டு கைகளையும் ஆட்டித் தடுத்தார். விடையைச் சொன்னால் அப்புறம் பேச்சுவார்த்தையே கிடையாது என்கிற மாதிரி ஒரு முறைப்பு வேறு.

வீட்டில் இசைத்தட்டுகளைத் தரையெல்லாம் பரப்பி நடுவில் உட்கார்ந்துவிட்டார். "விடையைச் சொல்லித் தொலையேன்டி. மனுஷன் கொஞ்சம் படுக்கட்டும்," என்றாள் அக்கா.

"இருந்தாத்தானே சொல்றதுக்கு," என்று தங்கை காதோரம் முணுமுணுத்தாள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள்.

மரத்துப்போன கன்னத்துக்கு உணர்வு திரும்பும் நேரம். அவர் உதடு லேசாகக் கோணியது; கை தாடைக்குப் போனது. ஓர் உறையைத் தூக்கிக் காட்டி, இதுவா என்று கண்ணாலேயே கேட்டார். அட்டையில் மஞ்சள் சூரியன், அதன் கீழே ஒரு குளம். ஆமாம் என்று தலையாட்டினால் அவள் பிழைத்தாள்.

அவள் அவருடைய தாடையைப் பார்த்தாள்.

"இல்ல அத்தான். ஆனா கிட்ட வந்துட்டீங்க."

அவர் தாடையிலிருந்து கையை எடுத்து அடுத்த உறையை இழுத்தார்.