பணத்தைப் பாராதவர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஜன்னலோரமாகப் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, இடது கை நகங்களை வெட்டிக்கொண்டிருந்தார். பாட்டுக்கு அடியில் கனமாக அதிரும் பேஸ் கிட்டார் வாசிப்பவர். இடது கை நகம் துளி வளர்ந்தாலும் கம்பியை அழுத்த விடாது. வலது கையை மனைவி ஞாபகப்படுத்தினால்தான் வெட்டுவார். துண்டு ஒன்று தாளைத் தாண்டித் துள்ளி அவள் காலருகே விழுந்தது.

“என்னைக்காவது ஒருநாள் அது என் காபியில விழப்போகுது.”

“விழுந்தா சொல்லு. வேற காபி போட்டுத் தரேன்.”

“நீங்க போடற காபிக்கு நகம் விழுந்த காபியே மேல்.”

அவர் அடுத்த விரலுக்குப் போனார்.

அவள் மடியில் அச்சகத்துத் தாள்கள் கிடந்தன. அடுத்தவர் எழுதியதில் பிழை பார்ப்பது அவள் பிழைப்பு. முடியாததை வீட்டுக்கும் எடுத்து வருவாள். பச்சை மைப் பேனாவை மூடிவிட்டு அவரைப் பார்த்தாள். ஏழு ஞாயிற்றுக்கிழமைகளாக இதே ஜன்னல், இதே நாற்காலி. வாசிக்கப் போகாத மனுஷர், வாசிக்கப் போகிறவரைப் போலப் பதவிசாக நகம் வெட்டிக்கொண்டிருந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்த வேகத்தில்தான் வாயைத் திறந்தாள்.

“ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லியாச்சு. இந்த ஃபேன் சுத்தறதை இன்னும் எத்தனை நாள் பாப்பீங்க? போய் வாசிச்சுட்டுத்தான் வாங்களேன். காசு தரலைன்னா போகட்டும், உங்க மூஞ்சியாவது தெளியும்.”

அவர் நகவெட்டியை மடக்கினார். அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நீயா சொல்கிறாய் என்று கேட்கிற மாதிரி இருந்தது.

“அப்போ வலது கையையும் வெட்டிக்கறேன்,” என்றார்.

வெட்டிக்கொண்டார். தன்னோடு வாசிக்கும் டிரம்மருக்கு ஃபோன் செய்தார். பத்தரை மணிக்கு ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியைத் தூக்கி அவன் வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். பன்னிரண்டு அடிப்பதற்குள் அவர் உயிர் போயிருந்தது.

அவர் போன இடம், நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில் இருந்த உணவகம். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்காக அங்கே இரண்டு மணி நேரம் பாட்டு நடக்கும். ஊரில் வாசிக்கிறவர்கள் முறை வைத்துக்கொண்டு வாசித்தார்கள். கூலியும் குறை சொல்ல முடியாதபடி வந்துகொண்டிருந்தது. பிறகு மானேஜர் மாறினார். புது மானேஜர் தேன் தடவிப் பேசுகிறவர். இடமும் எங்களுடையது, கூட்டமும் எங்களுடையது, பேர் மட்டும் உங்களுக்கு, வயிறாரச் சாப்பாடும் உண்டு என்றார். கூலி என்ற சொல்லை அவர் வாயால் சொல்லக்கூட இல்லை.

மானேஜர் அப்படிச் சொன்ன வாரம் அவள் வீட்டு முன்னறையில் பதினோரு பேர் கூடினார்கள். நாற்காலி போதாமல் பாதிப் பேர் தரையில். டிரம்மர் செருப்பு அலமாரியைத் தட்டிக்கொண்டே இருந்தான், அவள் முறைக்கும்வரை. பேச்சை ஆரம்பித்தவர் அவள் கணவர்தான். மேடையில் ஆடாமல் அசையாமல் நிற்பவர் என்பதால் வாசிக்கிறவர்கள் எல்லாருக்கும் அவர் ‘தூண்’. அன்றைக்கும் நின்றுகொண்டுதான் பேசினார்.

“அந்தக் கிச்சன்ல வெங்காயம் உரிக்கறவர்கிட்ட போய், உரிங்க, நல்ல பேரு கிடைக்கும்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம்.”

சிரிப்பு அடங்கியதும் குரலை இறக்கிக்கொண்டார். “நான் சும்மா வாசிச்சா அது என் நஷ்டத்தோட போகாது. நாளைக்கு நீ போய்க் காசு கேட்டா, அந்த ஆளு என்னைத்தான் கைகாட்டுவான். அவரே சும்மா வாசிக்கறாரு, உனக்கு என்ன கேடுன்னு.”

கையெழுத்தெல்லாம் இல்லை. கூலி இல்லாமல் யாரும் அங்கே வாசிப்பதில்லை என்று ஒருவர் கையை ஒருவர் குலுக்கிக்கொண்டு போனார்கள்.

அவர் எப்படிப் போனார் என்பதை டிரம்மர்தான் அவளிடம் சொன்னான். லிஃப்ட் சாப்பிட வருகிறவர்களுக்கு. சாமான் தூக்குகிறவர்கள் பின்பக்கப் படிக்கட்டில்தான் ஏற வேண்டும். மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஆம்பை இறக்கி வைத்துவிட்டு, “நீ போ, மூச்சு வாங்கிட்டு வரேன்” என்றாராம். டிரம்மர் தன் சாமானை மேலே வைத்துவிட்டு இறங்கி வந்தபோது ஆம்பின் மேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து, எழுப்ப மனசில்லாமல் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றிருக்கிறான். அந்தக் கொஞ்ச நேரத்தை அவன் திரும்பத் திரும்பச் சொல்வான்.

அடுத்த ஞாயிறே மொட்டை மாடியில் பாட்டு பழையபடி களைகட்டியது. முன்னறையில் கை குலுக்கியவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். தூணே கடைசியில் வந்துவிட்டார், நமக்கென்ன என்று பேசிக்கொண்டார்கள். அது அவள் காதுக்கும் வந்தது.

மூன்றாவது வாரம் டிரம்மர் ஒரு உறையோடு வந்தான். அவள் தனியாக இருக்கக்கூடாது என்று நாத்தனார் வந்து தங்கியிருந்தாள். அவருக்குப் பத்து வயது மூத்தவள், தாய் இல்லாத வீட்டில் தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அலமாரியிலிருந்து அவருடைய சட்டைகளையும் எடுத்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

“மானேஜர் குடுத்தனுப்பினாரு அண்ணி. அண்ணனுக்காக ஒரு நிகழ்ச்சி. நீங்க பாத்து சரின்னு சொன்னா அச்சுக்குப் போயிடும்.”

உறைக்குள் ஒரு போஸ்டரின் புரூஃப், பிழை பார்க்க எடுத்த மாதிரி அச்சு. நடுவில் அவர் படம். அதன் கீழே, ‘பணத்தைப் பாராமல் இசைக்காகவே வாழ்ந்த எங்கள் தூணுக்கு’ என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி. அதற்கும் கீழே பொடி எழுத்தில், கலைஞர்கள் அனைவரும் கட்டணமின்றிப் பங்கேற்கிறார்கள், வரும் நன்கொடை குடும்பத்துக்கு வழங்கப்படும் என்று இருந்தது.

பழக்க தோஷத்தில் அவள் கண் முதலில் எழுத்துப் பிழையைத் தேடியது. ஒன்றும் இல்லை. நறுவிசாக அடித்திருந்தார்கள். பச்சைப் பேனாவை எடுத்துக் கொட்டை எழுத்து வரியின் மேல் ஒரு கோடு இழுத்தாள்.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். “என்ன அடிக்கறே?”

“தப்பா இருக்கு அக்கா.”

“எங்க? எல்லாம் சரியாத்தானே போட்டிருக்காங்க.”

“பணத்தைப் பாராமன்னு இருக்கு. அவரு பாத்தாரு. எல்லாரும் பாக்கணும்னு இதே இடத்துல நின்னு சொன்னாரு.”

“செத்தவனைப் பத்தி ரெண்டு நல்ல வார்த்தை எழுதினா உனக்குப் பொறுக்கலையா? நன்கொடை வருதுல்ல. உன் ஒருத்தி சம்பளத்துல இந்த வாடகையை எப்படிக் கட்டுவே?”

“கட்ட முடியாதுதான்.”

“அப்புறம் என்ன வீம்பு?”

டிரம்மர் நாற்காலி நுனியில் நெளிந்தான். “அண்ணி, அண்ணன் அப்போ சொன்னது வேற. கடைசியில மனசு மாறி வந்தாரே. அவராத்தானே ஃபோன் பண்ணாரு, வாசிக்கப் போலாம், வண்டியை எடுத்துட்டு வான்னு? எனக்கு அன்னைக்கு உயிரே வந்த மாதிரி இருந்துச்சு.” கொஞ்சம் மென்று விழுங்கினான். “அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே நான் அங்க போய் வாசிச்சுட்டிருந்தேன். அதைக் கேட்டுத்தான் ஒரு கம்பெனி விழாவுக்குக் கூப்பிட்டாங்க, நல்ல காசு. சும்மா வாசிச்சா எதுவும் வராதுன்னு சொல்லிட முடியாது. அண்ணன்கிட்ட சொல்லத்தான் வாய் வரலை. அவரே வந்ததும், அப்பாடா, நான் துரோகி இல்லைன்னு ஆச்சு.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இப்படியே விட்டுவிடலாம். போஸ்டர் அச்சாகும், நன்கொடை வரும், நாத்தனார் பக்கத்தில் இருந்து சோறு போடுவாள். அவர் எதை வேண்டாம் என்றாரோ அதற்கு அவர் படத்தையே காட்டி ஆள் சேர்ப்பார்கள். அவர் ஏன் போனார் என்பது இந்த வீட்டுக்குள் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

“அவரா வரலை தம்பி,” என்றாள். “நான்தான் அனுப்பினேன்.”

நாத்தனாரின் கை சட்டையின் மேல் நின்றது. “என்னன்னு சொல்லி அனுப்பினே?”

அவள் சொன்னாள். ஃபேன், காசு, மூஞ்சி, ஒரு சொல் விடாமல். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து வாளி நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

“அவன் வீட்டுல இருந்திருந்தா…” என்று ஆரம்பித்த நாத்தனார் அத்தோடு நிறுத்திக்கொண்டாள். அந்த வாக்கியத்தை அவள் முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. மூன்று வாரமாக இவள் அதைத் தினமும் முடித்துக்கொண்டுதான் இருந்தாள். நாத்தனார் மடித்த சட்டையை உதறி, மறுபடி முதலிலிருந்து மடித்தாள். மடிப்பு கோணலாக விழுந்தது.

டிரம்மர்தான் பேசினான். “இதை வெளியில சொல்லிடாதீங்க அண்ணி.”

“எனக்காகவா சொல்றே?”

“எனக்காகவும்தான். அண்ணன் மனசு மாறி வந்தாருன்னு நினைச்சுத்தான் நாங்க அத்தனை பேரும் அங்க நிக்கறோம். நீங்க இப்படிச் சொல்லிட்டா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நிக்கறது?”

அவள் புரூஃபை உறைக்குள் போட்டுத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மதிய இடைவேளையில் அச்சகத்திலிருந்து நேராக அந்தக் கட்டடத்துக்குப் போனாள். யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்ட காவலாளி, பதிலைக் கேட்டதும் மரியாதையாக லிஃப்ட் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே மெல்லிசாக ஏதோ வாத்திய இசை ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு ஒருமுறை இழுத்து விடுவதற்குள் மொட்டை மாடி வந்துவிட்டது. இறங்கி மானேஜர் அறைக்குள் போனாள்.

மானேஜர் எழுந்து நின்று நாற்காலி போட்டார், தண்ணீர் வரவழைத்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“நிகழ்ச்சியில வாசிக்கறவங்களுக்குக் கூலி குடுத்தீங்கன்னா அவர் பேரைப் போட்டுக்கங்க. இல்லைன்னா பேரும் வேண்டாம், படமும் வேண்டாம்,” என்றாள்.

“அம்மா, நினைவு நிகழ்ச்சிக்குப் போய் யாராவது கூலி கேப்பாங்களா?”

“அவரு கேட்டிருப்பாரு.”

“கேட்டவர்தான். அவர் சொல்றதைக் கேட்டுக் கேட்டு நானும் சலிச்சிருக்கேன்.” லேசாகச் சிரித்தார். “ஆனா கடைசியில வந்தாரேம்மா.”

“நான் சொல்லி வந்தார். வீட்டுல நான் அவரை உட்கார விடலை, அதனால வந்தார். அதை உங்க போஸ்டர்ல போடுவீங்களா?”

மானேஜர் சிரிப்பை நிறுத்தினார். அவள் மேஜை மேல் எடுத்து வைத்திருந்த புரூஃபில் பச்சைக் கோட்டைப் பார்த்தார். “உங்க இஷ்டம், எடுத்துடறேன். ஆனா ஒண்ணு. நான் யாரையும் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வரலைம்மா. வர்றவங்க அவங்களாத்தான் வர்றாங்க.”

அது பொய் இல்லை. அவள் எழுந்தாள். இறங்கும்போது பின்பக்கப் படிக்கட்டைக் கேட்டு அதில் இறங்கினாள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் காலி எண்ணெய் டின்களை அடுக்கி வைத்திருந்தார்கள். நிற்க இடமில்லை.

நிகழ்ச்சி நடந்தது. ‘இசைப் பிரியர்களின் மதியம்’ என்று அதற்குப் பேர். படமும் இல்லை, நன்கொடையும் இல்லை. டிரம்மர் போய்க் கூலி கேட்டிருக்கிறான். மானேஜர் அவன் கையைக் குலுக்கி நன்றி சொல்லிவிட்டு வேறு ஒருவனைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் வாசித்தார்கள். அந்த வாரக் கடைசியில் டிரம்மரின் மனைவி ஃபோன் செய்து, “உங்க வீட்டு நியாயத்தை எங்க வீட்டுக்கும் அனுப்பிட்டீங்களே அக்கா” என்றாள். கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, சாப்பிட்டீர்களா என்றும் கேட்டாள். சாப்பிட்டேன் என்று இவள் பொய் சொன்னாள். இன்னொரு ஆம்பளையின் பிழைப்பிலும் தன் வாய்தான் புகுந்ததோ என்று அந்த மாதம் முழுக்க மருகினாள்.

நாத்தனார் தன் ஊருக்குப் போய்விட்டாள். வாரம் தவறாமல் ஃபோன் செய்வாள். வெயில், கால்வலி, அங்கே தண்ணீர் வருகிற நேரம், இவைதான் பேச்சு. தம்பி பேரை எடுக்க மாட்டாள். இவளும் எடுப்பதில்லை. இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்து, அச்சகத்துக்குப் பின்னாலேயே ஒற்றை அறை ஒன்றுக்கு மாறிக்கொண்டாள்.

அதற்கும் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவசரம் என்று கேட்ட வாடிக்கையாளர் ஒருவருக்குத் திருத்திய தாள்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அந்தக் கட்டடத்தின் பின்தெரு வழியாக வர நேர்ந்தது. சாமான் வண்டிகள் இரண்டு சுவரோரம் நின்றன. யாரோ ஒருவர் பூட்டிய கடை வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் நடை தானாகத் தளர்ந்தது. மேலே யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். புது ஆள். தப்பில்லாமல்தான் வாசித்தான். யார் பாடுகிறார்கள், என்ன பாட்டு என்பதெல்லாம் கீழே நிற்கிறவர்களுக்குத் தெரியாது. நாலு மாடி இறங்கித் தெருவுக்கு வருவது பேஸ் மட்டும்தான்.